பாக்கியண்ணை வெட்டிய கம்பி

செய்தி வந்தபோது நான் அளவெட்டிப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில், பம்பொன்றின் முன்மூடியைக் கழற்றிவிட்டு அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். குருநகரில் இருந்து பாக்கியண்ணையின் மருமகன் அழைத்தார். "அக்கா, மாமா போயிட்டார். கடற்கரைக்குப் போகவெண்டு சேட்டுப் போட்டவர், தலை சுத்துது எண்டு கதிரையிலை இருந்தவர், அவ்வளவுதான்" என்றார். "எந்த மாமா?" என்று கேட்டேன். எந்த மாமா என்று தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

உடனே போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. பம்புகளை நடத்துகிற பழைய கொன்ட்ரோலர் பெட்டியைக் கழற்றிப் புதியதைப் பூட்டத் தொடங்கிவிட்டால், அது பம்புகளோடு பேசத் தொடங்கும்வரை அந்தச் செட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் வராது. வாசலில் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் சேர்ந்துகொண்டிருந்தன. மென்பொருள் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். பின்னேரம் நாலு மணிவரை அழாமல் வேலை செய்தேன். இடையில் செட் முதலாளி வந்து, "என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். "வெயில்" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் இந்த நினைவு மலரில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தோனி பாக்கியநாதன் என்ற பெயர் எங்கள் கொம்பனியின் கோப்புகளில் மட்டும் இருந்தது. வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் நாங்கள் ஏறி இறங்கிய செட்டுகளில் எல்லாம் அவர் பாக்கியண்ணை. இந்த மலரில் மற்றவர்கள் அவர் கோயில் பாடகர் குழுவில் பாடியதையும், அயலவர்களின் வள்ளங்களுக்கு இயந்திரம் திருத்திக் கொடுத்ததையும் எழுதியிருப்பார்கள். அதெல்லாம் உண்மை. நான் எழுதப்போவது அவருடைய வேலையைப் பற்றி. ஏனென்றால் அவருடைய வேலையைப் பற்றித்தான் உங்களில் பலருக்குப் பிழையாகத் தெரியும்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோல் அடிக்கிற பம்பை ஒரு நாட்டில் ஒருவர் செய்திருப்பார். அதற்கு அனுமதி கொடுத்து, எத்தனை லீற்றர் போனது என்று கேட்டு எழுதி வைக்கிற கொன்ட்ரோலர் பெட்டியை வேறு நாட்டில் வேறொருவர் செய்திருப்பார். இரண்டும் ஒன்றையொன்று கண்டதில்லை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மெல்லிய கம்பிகள் ஓடும். அந்தக் கம்பியில் யார் எப்போது பேசலாம், எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதைப் புரோட்டகோல் என்போம். அந்த ஒழுங்கின்படி மென்பொருள் எழுதுவது நான். கம்பி இழுப்பது அவர். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனால் வேலைத்தலத்தில் நாங்கள் சரிக்குச் சரி சண்டை பிடிப்போம்.

முதல் சண்டை முதல் நாளே வந்தது. உடுவிலில் இருந்து படிப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்தவள் என்பதால் எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்கு. பம்பு வாயே திறக்கவில்லை. அரைநாளாக என் மென்பொருளை வரி வரியாகத் துருவினேன். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழும்பி வந்து இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் போட்டார். பம்பு உடனே பேசியது. "உங்கடை புத்தகத்திலை ஏ எண்டு போட்டிருக்கிறதை பம்பு செய்தவங்கடை புத்தகத்திலை பி எண்டு போட்டிருக்கிறாங்கள். ஆர் சரியெண்டு கேட்டால் ரெண்டு பேரும் சண்டைக்கு வருவாங்கள். மாத்திப் போட்டால் போச்சு" என்றார். அப்படியென்றால் ஏன் அரைநாளாகச் சொல்லவில்லை என்று நான் சீறினேன். "நீங்கள் கேக்கேல்லையே பிள்ளை. வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து சண்டை பிடிப்பம்." அந்த 'நீங்கள்' ஒரு கிழமைதான் நின்றது. பிறகு 'நீ'தான்.

அவருடைய இணைப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கயிறு முடிந்த கை அது. இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து, உறை போட்டு முடித்ததும் என்னைக் கூப்பிடுவார். "இழு" என்பார். நான் இரண்டு கையாலும் இழுப்பேன். "உது இழுவையே? காலை ஊண்டி இழு. அறுந்தால் இண்டைக்குத் தேத்தண்ணி என்ரை." நாலு வருடம் இழுத்தேன். ஒருநாளும் அவர் தேத்தண்ணி வாங்கித் தர வேண்டி வரவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். எத்தனை பம்பு இருக்கிறதோ அத்தனை குழாயையும் ஒரே நேரத்தில் தூக்கி, ஒரே நேரத்தில் கான்களுக்குள் எண்ணெய் அடித்துப் பார்க்காமல் அவர் பம்பின் மூடியைப் பூட்ட மாட்டார். பிறகு அந்த எண்ணெயைத் தாங்கிக்குள் திருப்பி ஊற்ற வேண்டும். அது ஒரு மணித்தியால வேலை. ஒருமுறை ஆறு குழாய், பிடிக்க நாலு பேர்தான். வீதியில் மோட்டார் சைக்கிளில் பூசைக்குப் போய்க்கொண்டிருந்த ஐயரை மறித்துவிட்டார். "ஐயா, அஞ்சு நிமிசம் இந்தக் குழாயைப் பிடியுங்கோ, புண்ணியமாப் போகும்." ஐயர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் டீசல் அடித்தார். ஆறாவது குழாயை நான் பிடித்தேன். "எல்லாரும் தூக்குங்கோ!" என்று நடுவில் நின்று பாடகர் குழுவை நடத்துகிறவர் போலக் கையை உயர்த்தினார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஒவ்வொன்றாகச் சோதித்தால் போதாதா என்று கேட்டேன். "சனம் ஒவ்வொருத்தரா வராது பிள்ளை. வரேக்கை எல்லாம் சேந்துதான் வரும்" என்றார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு. எண்ணெய்க்குச் சனம் வரிசையில் நின்ற காலம். அந்தச் செட்டின் பெயர் வேண்டாம், முதலாளி நல்ல மனிதர். அங்கே எட்டுப் பம்பு. முதலில் நாலு வந்தன. பூட்டினோம், பாக்கியண்ணையின் முறைப்படி நாலு குழாயையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. மற்ற நாலும் இரண்டு கிழமை கழித்து வந்தன. அவற்றுக்கும் கம்பி இழுத்து முடித்துவிட்டு அவர் போன மறுநாள் அவருடைய பங்குக் கோயில் பெருநாள். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

அன்று மத்தியானம் முதலாளி ஓடி வந்தார். மறுநாள் விடிய டீசலும் மண்ணெண்ணெயும் பவுசர் லொறியில் வருகிறதாம், உடனே திறக்க வேண்டுமாம். நான் பாக்கியண்ணைக்கு அழைத்தேன். பின்னால் மணிச் சத்தமும் வெடிச் சத்தமும் கேட்டன. "நாளைக்கு வெள்ளன வாறன். எல்லாக் குழாயையும் தூக்கிப் பாத்திட்டுத் திறப்பம்" என்றார். நான் சொன்ன பதில் சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவிருக்கிறது. "நாலுக்கு ஓடினது எட்டுக்கும் ஓடும் அண்ணை." அவர், "உனக்குச் சரியெண்டால் சரி" என்றார். நான் மூடிகளைப் பூட்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் போனபோது வரிசை சந்தி தாண்டி நின்றது. உழவு இயந்திரங்கள், இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர்கள், கான் தூக்கிய சனம். எல்லாம் சரியாகத் தொடங்கியது. எட்டுக் குழாயும் ஒன்றாக அடிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் போகவில்லை, எட்டாவது பம்பு பாதி அடிப்பில் நின்றது. பிறகு ஏழாவது. பிறகு வரிசையாக மற்றவை. கடைசியில் செட் முழுவதும் சத்தமில்லாமல் போனது.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது போலக் கொன்ட்ரோலர் ஒவ்வொரு பம்பாகக் கூப்பிடும். குறித்த நேரத்துக்குள் தன்னைக் கூப்பிடாவிட்டால் கொன்ட்ரோலர் செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பம்பு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பம்பின் பதிலுக்கும் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற எண்ணை மென்பொருளில் போட்டவள் நான். நாலு பம்புக்கு அந்த எண் தாராளம். எட்டும் ஒன்றாக எண்ணெய் அடிக்கும்போது, சுற்று முடிந்து கடைசிப் பம்பின் முறை வருவதற்குள் அதன் பொறுமை முடிந்துவிட்டது. பூட்டிக்கொண்ட பம்பை என் மென்பொருள் விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. அதற்குள் மற்றவையும் காத்திருந்து களைத்துப் பூட்டிக்கொண்டன. எட்டுக் குழாயையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அலுவலக அறை ஒரு கண்ணாடிப் பெட்டி. நானும் மடிக்கணினியும் உள்ளே. சனம் வந்து சுற்றி நின்றது. சண்டிலிப்பாயில் இருந்து வந்த ஒரு தோட்டக்காரர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "தங்கச்சி, மூண்டு நாளா மிசின் வைச்சு இறைக்கேல்லை. வெங்காயம் படுத்திட்டுது. இண்டைக்கும் வெறுங் கானோடை போகச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். அவர் கத்தவில்லை. கத்தியவர்கள் பின்னால் நின்றவர்கள். "உவையள் பதுக்குகினம்! பம்பை வேணுமெண்டு பூட்டி வைச்சிருக்கினம்!" யாரோ ஒரு உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே விட்டார்கள். எண்ணெய் வராமல் ஒருவரும் வெளியே போக முடியாது என்றார்கள்.

இன்னொருவரும் அங்கே இருந்தார். விநியோகத்தைப் பார்க்க வந்த அதிகாரி. அவர் அறைக்குள் என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவரும் தன் கடமையைத்தான் செய்தார். "பெட்டியிலை பிழையோ, கம்பியிலை பிழையோ? கம்பி எண்டால் இந்தச் செட்டோடை போச்சு. மென்பொருள் எண்டால் உங்கடை பெட்டி பூட்டின எல்லாச் செட்டையும் இண்டைக்கே மூடச் சொல்லி நான் எழுத வேணும்" என்றார். அதே மென்பொருள் அப்போது பதினொரு செட்டில் ஓடியது; மற்றவற்றில் பம்பு குறைவு என்பதால் பிழை வெளியே வரவில்லை. பதினொன்றையும் மூடினால் திறக்க எத்தனை நாள் போகும் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே அந்தத் தோட்டக்காரரின் கை அப்படியே இருந்தது. நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தனக்கு வந்த தொலைபேசி அழைப்பை எடுக்க அதிகாரி வெளியே ஒரு அடி வைத்தார். பாக்கியண்ணை உள்ளே வந்து குனிந்து என் திரையைப் பார்த்தார். அவருக்கு மென்பொருள் வாசிக்கத் தெரியாது. ஆனால் எது எங்கே தொடங்கியது என்று பார்க்கத் தெரியும்.

"எட்டாவதிலை இருந்துதானே தொடங்கினது?"

"ஓம்."

"அப்ப கம்பியில்லை."

"இல்லை அண்ணை. என்ரை எண்."

"மாத்த எவ்வளவு நேரம் வேணும்?"

"பத்து நிமிசம். ஆனா அவர் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறார்."

அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். "அவர் என்னைப் பாப்பார். நீ உன்ரை அலுவலைப் பார்" என்றார்.

வெளியே போய், கம்பிகள் சேரும் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தார். அதிகாரியைக் கூப்பிட்டார், சனத்தையும் கூப்பிட்டார். கம்பி வெட்டும் குறட்டை எடுத்து, இரண்டு நாளுக்கு முன்பு தான் போட்ட இணைப்பை வெட்டி, அந்தத் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "இஞ்சை பாருங்கோ. இது நான் போட்ட ஜொயின்ற். இதிலைதான் பிழை. என்ரை வேலைதான், ஆரையும் ஏசாதேங்கோ." சனம் அவரை ஏசியது. கண்ணாடிக்குள்ளால் எனக்கு வாய்கள்தான் தெரிந்தன. வெறுங் கானொன்று பறந்து வந்து அவருடைய முதுகில் பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் போடுகிற இணைப்பை அன்று கால் மணித்தியாலம் எடுத்துப் போட்டார். அதற்குள் நான் மென்பொருளில் அந்த எண்ணை மாற்றிவிட்டேன். பம்புகள் திறந்தன. அன்று சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் நிறைந்த கானோடு போனார்.

பின்னேரம் பழுது அறிக்கை எழுத வேண்டும். எப்போதும் எழுதுவது நான்தான். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'கம்பி இணைப்பில் கவனயீனம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் கீழே கையெழுத்து வைத்தார். "கவனயீனம் எண்டு வேறை எழுத வேணுமோ?" என்று சிரித்தார். அந்தச் சொல்லை அதிகாரி சொல்லித்தான் எழுதினேன் என்று சொன்னேன். அதுவும் பொய். கட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.

ஏச்சு விழும், ஒரு மாதம் வேறு வேலை தருவார்கள், அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எண்ணெய் இருக்கிற இடத்தில் இணைப்புப் பிழைத்தால் பொறி பறக்கும், தீப் பிடிக்கும். இனி எந்தச் செட்டுக்குள்ளும் அவர் வேலை செய்யக் கூடாது என்று கடிதம் வந்தது. அதை வாசித்துவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்தார். "இது கொஞ்சம் கூடத்தான்" என்றார். நான் இப்போதே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "முதலிலை மற்றப் பத்துச் செட்டிலையும் அந்த எண்ணை மாத்து. இப்ப சொன்னால் எல்லாத்தையும் மூடிப்போடுவாங்கள். அதை முடி, பிறகு பாப்பம்."

ஒன்பது நாளில் முடித்தேன். தூசி தட்டுகிறேன் என்று சொல்லி ஒவ்வொரு செட்டாகப் போய் மாற்றினேன். பத்தாம் நாள் குருநகர்க் கடற்கரைக்குப் போனேன். அவர் ஒரு வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "முடிஞ்சுது" என்றேன். அவர் கையில் இருந்த ஆணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். நான் வெயிலைப் பற்றிக் கதைத்தேன். இயந்திரம் எந்த ஊர்ச் செய்கை என்று கேட்டேன். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஆணியைத் திரும்பக் கையில் எடுத்தார்.

அந்தக் கிழமைதான் என்னை மென்பொருள் பகுதிக்குப் பொறுப்பாகப் போடப்போவதாக முகாமையாளர் சொல்லியிருந்தார். பயத்தில் மறைத்தேன் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆசையும் இருந்தது. முதல் ஒன்பது நாளும் என் வாயைக் கட்டியது பாக்கியண்ணை. அதற்குப் பிறகு கட்டியது நான்தான். ஒரு மாதம் போனது. இனிச் சொன்னால் ஏன் ஒரு மாதம் மறைத்தாய் என்று கேட்பார்கள். ஒரு வருடம் போனது. கேள்வியும் ஒரு வருடத்துக்குப் பெரிதானது. ஒவ்வொரு செட்டிலும் யாராவது, "பாவம் பாக்கியண்ணை, கடைசியிலை கை பிழைச்சுப்போச்சு" என்பார்கள். நான் தலையாட்டுவேன். தலையாட்டித் தலையாட்டி, என்னைச் சுற்றி நானே மூடியைப் பூட்டிக்கொண்டேன்.

சில நாட்களில் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. யார் உங்களை வெட்டச் சொன்னது என்று மனதுக்குள் கத்துவேன். அதிகாரி பதினொன்றையும் மூடியிருந்தால் நான் ஏச்சு வாங்கியிருப்பேன், வேலை போயிருக்கும், ஆனால் எவருடைய முகத்தையும் நேராகப் பார்த்திருப்பேன். பிறகு அந்தத் தோட்டக்காரரின் வெங்காயம் நினைவுக்கு வரும். கோபம் எங்கே போவதென்று தெரியாமல் என்னிடமே திரும்பி வரும்.

அடுத்த வருடப் பெருநாளுக்குப் போனேன். ஏணியில் நின்று கோயில் முகப்புக்கு மின்குமிழ் கட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்ற நிர்வாகக்காரர் ஒருவர் மற்றவரிடம், மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வேறை ஆரையும் கொண்டு ஒருக்காப் பாப்பிச்சுப்போடுவம். அண்ணைக்கு முந்தி ஒருக்காப் பிழைச்சதெல்லே" என்றார். எனக்குக் கேட்டதென்றால் அவருக்கும் கேட்டிருக்கும். இறங்கி வந்து, கம்பி சோதிக்கிற கருவியைத் தானே அந்த மனிதரின் கையில் கொடுத்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா பிள்ளை, சாப்பிட்டிட்டுப் போ. இப்ப எல்லாக் குழாயையும் தூக்கிப் பாக்கிறனியோ?" "பாக்கிறனான் அண்ணை." "அப்ப சரி." நான் சாப்பிட்டேன். சோறு இறங்கியது. இறங்கியது என்பதுதான் எனக்கு வெட்கம்.

அவர் இறந்த அன்று பின்னேரம் ஆறு மணிக்குச் செத்தவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சவப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் பெண்கள் நெருக்கமாக இருந்தார்கள். அவருடைய மனைவி றீற்றா அக்கா என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். காதோடு கேட்டார். "பிள்ளை, அண்டைக்கு அவரோடை நிண்டது நீ ஒருத்திதான். உண்மையைச் சொல்லு. பெருநாளுக்குக் குடிச்சிட்டு வந்தோ அவர் வேலை செய்தவர்?" ஊரில் அப்படி ஒரு கதை உலவியது எனக்கு அதுவரை தெரியாது. "இல்லை அக்கா. அவர் குடிக்கேல்லை" என்றேன். "அப்ப ஏன் பிழைச்சது?" என்றார். அந்த நேரம் செபமாலை தொடங்கியது. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். என் கை அவருடைய கைக்குள் இருந்தது. எழும்பவும் இடமில்லை, பதில் சொல்லவும் துணிவில்லை. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் உருண்டு முடியும்வரை அப்படியே இருந்தேன்.

எட்டாம் நாள் திரும்பப் போனேன். அக்கா அவருடைய சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணில் தொடங்கி, குறடு, அறிக்கை, கடற்கரை வரைக்கும். அக்கா ஒரு சேட்டை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தார்.

"மூண்டு வருசம் நான் அவரை ஏசினனான்" என்றார். "வீட்டிலை ஒரு குமிழ் மாத்தினாலும், 'கவனமாச் செய்யுங்கோ, அங்கை செய்த மாதிரிச் செய்யாதேங்கோ' எண்டு சொல்லுவன். ஒரு நாளும் வாய் திறக்கேல்லை மனுசன். எனக்காவது சொல்லியிருக்கலாமெல்லே?"

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன்.

"நீ என்னட்டைச் சொன்னால் உன்ரை பாரம் குறையும். அவருக்கு என்ன குறையும்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "முப்பத்தொராம் நாள் மலர் அடிக்கிறம். செட்டுகாரர், கோயில் ஆக்கள், எல்லாருக்கும் குடுக்கிறம். அதிலை எழுது, கௌரி. உன்ரை பேரைப் போட்டு எழுது."

புறப்படும்போது அவருடைய அந்தக் கம்பி வெட்டும் குறட்டை எடுத்து நீட்டினார், நினைவாக வைத்துக்கொள் என்று. நான் வாங்கவில்லை. மருமகன் வயர் வேலை செய்கிறவர், அவருக்குத்தான் அது உதவும்.

நேற்று முகாமையாளரிடம் உண்மையை எழுதிக் கடிதம் கொடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு, "ஆளே இல்லை, இப்ப என்னத்துக்கு இது?" என்றார். அறிக்கையைத் திருத்தி, திருத்திய பிரதியைப் பதினொரு செட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். என்ன செய்வார்கள் என்று தெரியாது. என்னை அனுப்பிவிடவும் கூடும். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது நான் எந்த வேலையில் இருப்பேனோ.

பாக்கியண்ணையிடம் இருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். மூன்று வருடம் அவருடைய பெயரில் இருந்த அந்தப் பிழையை. அது என்னுடையது. இதை வாசிக்கிற ஒவ்வொருவரும், அவரைப் பற்றி இனி எங்கே பேச்சு வந்தாலும், அதை என் பெயரோடு சேர்த்தே சொல்லுங்கள். அன்று அவர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வெட்டிக் காட்டிய இணைப்பு, அவர் போட்ட மற்ற எல்லா இணைப்பையும் போல, நன்றாகவே இருந்தது.